கரி தீரும், வெயில் தீராது

(மேல்பட்டாம்பாக்கத்தில் நடந்த விவசாயிகள், தொழிலாளர்கள் கூட்டத்தில் பேசியது)



புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பெயர்தான் நீளம், விஷயம் நமக்குத் தெரிந்ததே. எடுக்க எடுக்கக் குறையும் சக்தி ஒரு வகை. எடுத்தாலும் திரும்ப வந்து சேரும் சக்தி மற்றொரு வகை. இரண்டும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். இந்த வருஷம் வெட்டிய கரும்பு அடுத்த வருஷம் மறுதாம்பாக எழுந்து நிற்கும். நெய்வேலியில் வெட்டும் பழுப்பு நிலக்கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் புதைந்து கிடந்து உண்டானது. ஒரு முறை எரித்தால் முடிந்தது.

நெய்வேலி நிறுவனம் 1956-ல் தோன்றியது. சோவியத் நாட்டின் உதவியோடு 1962-ல் அங்கே மின்சார உற்பத்தி தொடங்கியது. தமிழ்நாட்டின் விளக்குகளும் பம்பு செட்டுகளும் அந்த மின்சாரத்தால் இயங்கின. அதைக் கட்டி எழுப்பிய தொழிலாளிகளின் உழைப்பை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் 600 மெகாவாட் திறன் கொண்ட அந்த முதல் அனல் மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. யந்திரத்துக்கு ஆயுள் உண்டு. கரிக்கும் ஆயுள் உண்டு. அதை நம்பி வாழும் குடும்பங்களின் கதி என்ன? இதுதான் நம்முடைய கேள்வி.

கரியின் விலை

நெய்வேலிக் கரியில் ஏறக்குறைய பாதி எடை ஈரம். ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிகமான கரியை எரிக்க வேண்டும், அதிகமான கரியமில வாயு வெளியேறும். கரிப் படுகைக்குக் கீழே ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தைக் காப்பாற்ற முடியும். கிணறு கீழே போய்விட்டது என்று சுற்று வட்டார விவசாயி குமுறுவதைக் கேட்காதவர் இங்கே உண்டா? நிலமும் போகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் யந்திரங்கள் இறங்கி வாய்க்கால் வெட்டியதை நாடே பார்த்தது.

கரியமில வாயு பெருகினால் பூமி சூடேறும். கடல் நீர் சூடேறினால் புயலுக்கு வலு கூடும் என்கிறது விஞ்ஞானம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. ஒரு புயலைக் காட்டி, இதற்குக் கரிதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. அத்தகைய புயல்கள் இன்னும் கடுமையாக வந்தால் முதலில் அடிபடுவது கடலோரத்து ஏழைதான் என்று சொல்கிறோம். நெல் போனால் அடுத்த பருவம் உண்டு. பலா போனால் எத்தனை வருஷம் காத்திருப்பது?

இரவில் என்ன செய்வது?

சூரியன் மறைந்தால், காற்று நின்றால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வலுவாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரைதான். மிஞ்சும் நேரத்து மின்சாரத்தைச் சேமித்து வைக்க வேண்டும். அதற்கு வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கோவை மாவட்டம் காடம்பாறையில் 1987 முதல் 400 மெகாவாட் நிலையம் ஒன்று இயங்குகிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே உள்ள மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். தேவைப்படும்போது அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். மின்கலங்கள் இன்னொரு வழி. ஆகவே வெயிலை நம்ப முடியாது என்று கையை விரிப்பதற்கு இடமில்லை.

யாருக்குப் பயன்?

வெயிலுக்கு யாரும் பட்டா போட முடியாது. ஆனால் வெயிலைப் பிடிக்கும் பலகைக்கும், அதை நிறுத்தும் நிலத்துக்கும் உடைமைக்காரர் உண்டு. காற்றாலைகளில் பெரும்பகுதி நூற்பாலை, சிமெண்ட் ஆலை போன்ற தனியார் கையில் இருக்கிறது. ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு நான்கு, ஐந்து ஏக்கர் வேண்டும். கரிக்காக நிலம் இழந்த விவசாயி, நாளை வெயிலுக்காகவும் நிலம் இழக்க வேண்டுமா?

நெய்வேலி நிறுவனமே 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின் நிலையங்கள் அமைத்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் அவற்றில் பெரும்பகுதி திருநெல்வேலி, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களில் இருக்கின்றன. அத்துடன், பலகை துடைக்கவும் காவல் காக்கவும் சுரங்கத்தில் வேலை செய்வது போல ஆயிரக்கணக்கானோர் தேவைப்படாது. நம் மாவட்டத்து ஒப்பந்தத் தொழிலாளி எங்கே போவான்?

ஆகவே நாம் கேட்பது இவை:

ஒன்று: புதிய விளைநிலத்தைத் தொடுவதற்கு முன், வெட்டி முடித்த சுரங்க நிலத்திலும், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சர்க்கார் கட்டிடங்களின் கூரைகளிலும் பலகைகளை அமைக்க வேண்டும்.

இரண்டு: நிலம் கொடுத்த குடும்பங்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் புதிய தொழிலில் பயிற்சியும் நிரந்தர வேலையும் தர வேண்டும். சுரங்கம் மூடிய பிறகு இதைப் பேசிப் பயனில்லை, இப்போதே திட்டமிட வேண்டும்.

மூன்று: விவசாயிக்குப் பகலில் மின்சாரம் வேண்டும். நடு ராத்திரியில் டார்ச் விளக்கோடு மோட்டார் போடப் போய்ப் பாம்புக் கடிக்கு ஆளாகும் கொடுமை தீர வேண்டும். வெயில் காயும் நேரமும் தண்ணீர் பாய்ச்சும் நேரமும் ஒன்றுதான். 2019-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த குசும் திட்டத்தில் சூரிய பம்புக்கு மானியம் உண்டு. அதைச் சாக்காக வைத்து, விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்கும் அஞ்சாமல் போராடி, 1990-ல் எல்லோருக்குமாகப் பெற்ற இலவச மின்சாரத்தில் கை வைக்கக் கூடாது.

கரியிலிருந்து வெயிலுக்கு நாடு மாறித்தான் தீர வேண்டும். அந்த மாற்றத்தின் பாரம் நிலம் கொடுத்தவன் தலையிலும் சுரங்கத்தில் உழைத்தவன் தலையிலும் மட்டும் விழுமானால் அது நியாயமாகாது. இந்தக் கோரிக்கைகளை ஒவ்வொரு கிராமசபையிலும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். விவசாயியும் தொழிலாளியும் சேர்ந்து நின்று கேட்டால் கிடைக்கும்.