ஆறிய சோறும் அன்னதானப் பொட்டலமும்



திருவிழா நாள்களில் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அன்னதானப் பொட்டலத்தோடு வீடு திரும்புவோர் பலர். நண்பகலில் பெற்ற பொட்டலம் மேசைமீதே இருக்கும். வேலை முடிந்து வரும் மகன் இரவு ஒன்பது மணிக்கு அதனைச் சூடாக்கி உண்பான். சூடாக்கினால் கெடுதல் நீங்கிவிடும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறானது.

அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இயல்பாகவே இருப்பதுண்டு. உலை கொதித்தாலும் அவை மடிவதில்லை. வெந்த சோறு மெல்ல ஆறுகையில் முளைத்துப் பெருகுகின்றன. அவற்றுள் சில வகை உண்டாக்கும் நஞ்சு 121 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கக்கூடியது. மறுபடி சூடாக்கும்போது கிருமி சாகலாம். நஞ்சு அப்படியே இருக்கும். அதற்கு மணமும் இல்லை. ஆகவே, பொட்டலத்தை முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நம் பாட்டிமாரின் வழக்கம் இங்கே உதவாது.

சமைத்த உணவை 4 மணி நேரத்திற்குள் உண்ணுமாறு மலேசிய சுகாதார அமைச்சு அறிவுறுத்துகிறது. அக்கணக்கு பொட்டலம் கைக்கு வந்த நேரத்திலிருந்து அன்று, அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்திலிருந்தே தொடங்குகிறது. விடியலில் வடித்த சோற்றுக்கு நண்பகலிலேயே அந்நேரம் கடந்திருக்கும். புளியோதரைக்குப் புளிப்பு ஓரளவு காப்பாகும். அதனாலன்றோ முன்னோர் அதனைக் கட்டுச்சோறாக எடுத்துச் சென்றனர். தேங்காய்ச் சட்டினிக்கும் தேங்காய்ப்பால் குழம்புக்கும் அக்காப்பு இல்லை.

பிரசாதத்தை எறிவது பாவம் என்னும் அச்சம் பலருக்கு உண்டு. அவ்வச்சம் மதிக்கத்தக்கதே. அதற்கு வழி, பழையதை உண்பதன்று. வீட்டில் உண்போரை எண்ணி, வேண்டிய அளவே வாங்குவதாகும்.

வீட்டில் மிஞ்சிய சோற்றைப் பானையோடு குளிர்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி குளிரப் பல மணி நேரமாகும். அகன்ற தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் சிறு பாத்திரங்களில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். மறுநாளே உண்ண வேண்டும். ஒரு முறைக்கு மேல் சூடாக்கலாகாது.

விழா முடிந்து அசைவம் சமைப்போர்க்கும் ஒரு சொல். 2013ஆம் ஆண்டு கெடா மாநிலத்துத் தஞ்சோங் டாவாயில் திருமண விருந்து உண்ட நால்வர் உயிரிழந்தனர். விருந்தின் கோழிக் குழம்பில் சல்மோனெல்லா கிருமி இருந்ததாகக் கண்டறியப்பட்டது. பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவினால் தெறிக்கும் நீர் அருகிலுள்ள கீரையிலும் தட்டுகளிலும் படும். கோழி நறுக்கிய கத்தியும் பலகையும் கழுவப்படாமல் வெள்ளரிக்காய்க்குப் போகலாகாது. எலும்பை ஒட்டிய சதை சிவந்திருந்தால் மீண்டும் வேக வைக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு கண்டவருக்கு மருந்தகத்தில் கிடைக்கும் உப்பு, சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். மலத்தில் இரத்தமோ கடுங்காய்ச்சலோ கண்டாலும், குழந்தை பல மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.