பெரஹராவுக்குப் போகும் வழி

திருவிழாச் செலவு இருவகைப்படும். விழாவை நடத்துவோர் செய்யும் செலவு ஒன்று. விழாவைக் காணச் செல்வோர் செய்யும் செலவு மற்றொன்று. முன்னது கணக்கேட்டில் ஏறும்; அதனை எண்ணவும் எடுத்துரைக்கவும் பலர் உளர். பின்னதோ முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்வது. சில வேளைகளில் கடைக்காரரின் கடன் கொப்பியிலிருந்து பிறப்பது. அதனை எண்ணுவார் இலர். கண்டி மாநகரில் ஆண்டுதோறும் நிகழும் எசலப் பெரஹராவைக் காணச் செல்லும் எளிய மக்களின் இந்த இரண்டாவது கணக்கே இன்றைய பேச்சின் பொருளாகும்.

பெரஹரா என்றவுடன் பலருக்கும் நினைவில் எழுவன யானைகளும் தீவர்த்திகளுமே. ஆனால், கண்ணை மூடிக்கொண்டு தெருவோரத்தில் அமர்ந்திருப்பவருக்கு அஃது ஓர் இசைவிழா. சாட்டைகளை ஓங்கி வீசி வெடியோசை எழுப்புவோர் முதலில் வருவர். பின்னர் ‘கெட்ட பெர’ என்னும் கண்டி மத்தளங்கள் வரிசை வரிசையாக முழங்கும். தமிழ்த் தவிலின் பெயரை நினைவூட்டும் ‘தவுல’, இரட்டை முரசாகிய ‘தம்மெட்டம’, சிறு நாதசுரம் போன்ற ‘ஹொரணே’ ஆகியன அவற்றோடு சேரும். தலதா மாளிகையின் அணி முன்னே செல்ல, நாத தேவாலயம், விஷ்ணு தேவாலயம், கதிர்காமத் தேவாலயம், பத்தினித் தேவாலயம் என்னும் நான்கின் அணிகளும் தத்தம் மேளகாரரோடு பின்தொடரும். முருகனுக்குரிய கதிர்காம அணியில் காவடி ஆடுவோரும் வருவர். அரங்கில் அமர்ந்திருப்போரிடம் இசைவாணர் ஒருவர் பாடி முடித்து எழுந்து செல்வது கச்சேரி. இருந்த இடத்தில் இருக்க, அணியணியாக இசையே நடந்து வந்து கடந்து செல்வது பெரஹரா.

“இதனை வானொலியிலே கேட்கலாமே; வீட்டிலிருந்தே படத்திலும் காணலாமே; பணமும் மிச்சம், காலும் நோவாது” என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. நோயாளரும் முதியோரும் அவ்வாறே கேட்டு மகிழ்கின்றனர். எனினும், நூற்றுக்கணக்கான மத்தளங்கள் பத்தடித் தொலைவில் ஒருங்கே முழங்கும்போது அவ்வோசை செவியோடு நிற்பதில்லை. நெஞ்சுக்கூட்டினுள்ளும் சென்று அதிர்கின்றது. தந்தையின் தோளிலிருந்து அதனைக் கேட்ட குழந்தை தன் முதுமையிலும் அதனை மறப்பதில்லை. ஆதலாற்றான் மக்கள் புறப்படுகின்றனர்.

புறப்பாடு எக்காலத்தும் எளிதாக இருந்ததில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் இவ்விழாவை விவரித்துள்ளார். அந்நாளில் மலையும் காடும் ஆறுமே கண்டிக்கு மதில்கள். வெளியார் உட்புகாதிருக்க வழிகளை ஒடுக்கமாக வைத்திருப்பதே அரசின் கொள்கையாகவும் இருந்தது. 1815ஆம் ஆண்டில் கண்டி ஆங்கிலேயர் கைப்பட்ட பின்னரே கொழும்பிலிருந்து பெருந்தெரு வெட்டப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட தோசன் என்னும் பொறியாளரின் நினைவுத்தூண் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கின்றது. 1867ஆம் ஆண்டில் புகையிரதம் கண்டியை அடைந்தது. அதே ஆண்டிலேதான் கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். அதற்கு முன்னைய கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்த தமிழ்த் தொழிலாளருள் வழியிலேயே மாண்டோர் மிகப் பலர். கண்டிக்கு வரும் வழியின் விலையை அவர்களைப்போல் கொடுத்தவர் யாருமிலர்.

விழாவுக்கு இசை கொண்டுவந்தோரின் பயணத்தைப் பண்டைய முறைமை கணக்கில் எடுத்திருந்தது. அரசரும் ஆலயங்களும் மேளகாரக் குடிகளுக்கும் ஆடற் குடிகளுக்கும் நிலம் விட்டிருந்தனர். நிலத்தை உழுதுண்போர் குறித்த நாளில் வந்து முழக்கவேண்டும், ஆடவேண்டும். இதற்கு ‘இராஜகாரிய’ என்று பெயர். பொதுவான இராஜகாரியம் 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டபோதும், ஆலய நிலங்களுக்கான ஊழியம் நீடித்தது. ஊழியத்துக்கு ஈடாகப் பணம் செலுத்த 1870ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. பாட்டனுக்குக் கிடைத்த நிலம் பேரர்களுக்குள் துண்டுபட்டுச் சிறுத்தது. ஆயினும், நித்தவெல, அமுனுகம முதலிய ஊர்ப்பெயர்கள் இன்றும் ஆடல் மரபுகளின் பெயர்களாக நிலவுகின்றன. தொழில் வேறாயினும் எசல மாதத்தில் விடுப்பெடுத்து மத்தளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்டிக்கு வருவோர் பலர்.

யானைக்கும் பயணத் தொல்லை உண்டு. புனிதப் பேழையைப் பல ஆண்டுகள் சுமந்த நெதுன்கமுவ ராஜா என்னும் கொம்பன் யானை, கம்பகா மாவட்டத்திலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றரைக் கால்நடையாகவே கடந்து ஆண்டுதோறும் கண்டிக்கு வந்தது. 2015ஆம் ஆண்டில் வழியில் மோட்டார் சைக்கிள் ஒன்று அதன்மீது மோதவிருந்தது. அதன்பின் ஆயுதந் தாங்கிய காவலரும் அதனோடு நடந்தனர். 2022 மார்ச்சில் அவ்யானை இறந்தபோது நாடே துயருற்றது. அதற்கு வழித்துணை அளித்தது அரசின் கடமை, அதில் ஐயமில்லை. அவ்யானையைக் காண வந்த ஏழைக்கு வழித்துணை யார் என்பதே கேள்வி.

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். தாயும் தந்தையும் தொழிலாளர், பிள்ளைகள் இருவர், பாட்டி ஒருத்தி. றந்தோலிப் பெரஹரா பார்க்கவேண்டுமென்று பிள்ளைகள் ஓராண்டாகக் கேட்டு வருகின்றனர். மாலையில் இடம் கிடைக்கவேண்டுமாயின் முற்பகலிலேயே கண்டியில் இருக்கவேண்டும். ஆகவே அன்றைய வேலை இல்லை. ஊர்வலம் முடியும்போது நள்ளிரவு நெருங்கிவிடும். கடைசிப் பேருந்து போயிருக்கும். ஆகவே மறுநாள் வேலையும் ஐயமே. தோட்டத்து வழக்கில் நாட்சம்பளத்துக்குப் ‘பேர்’ என்று பெயர். இருவருக்கும் இரண்டு நாளாக நான்கு ‘பேர்’ போய்விடுகின்றது. பயணச்சீட்டு வாங்குமுன்னரே விழாவின் பெருஞ்செலவு முடிந்துவிட்டது!

இனி வழி. லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு நடை. அங்கிருந்து கலகா வழியாகப் பேராதனைக்குப் பேருந்து. நகருள் வீதிகள் மூடப்படும் நேரமாயின், வண்டி நகரின் விளிம்பிலேயே நின்றுவிடும், மீண்டும் நடை. பாட்டியின் கையைப் பிடிப்பவர் ஒருவர். கட்டுச்சோற்றையும் விரிப்பையும் சுமப்பவர் ஒருவர். தலதா வீதியிலோ யட்டிநுவர வீதியிலோ ஒரு பாய் அகலம் கிடைத்துவிட்டால், அதைவிட்டு எழுந்திருக்க அஞ்சவேண்டும். தண்ணீர் குடிக்கவும் தயங்கவேண்டும். ஏனெனில், பெண்களும் குழந்தைகளும் ஒதுங்குவதற்கு இடம் தேடிப்போனால் மீண்டும் வந்து சேர்வது அரிது. பிற்பகலில் ஒரு மழை பெய்தால் விரிப்பே குடையாகும். இவ்வளவு வருத்தத்தையும் அவர்கள் முறையிடாமலே ஏற்கின்றனர். வருந்தி வருவதே வழிபாடு என்னும் எண்ணம் அவர்களுக்கு உண்டு.

அவர்களுக்குப் பின்னால், கடை முகப்புகளிலும் மாடிகளிலும் விடுதி வாயில்களிலும் நாற்காலிகள் வரிசையாக இடப்பட்டிருக்கும். அவை விலைக்குரியவை. கடைசி றந்தோலி இரவு நெருங்க நெருங்க அவற்றின் விலையும், அறைகளின் வாடகையும் ஏறும். வெளிநாட்டு விருந்தினர் டொலர் கொடுத்து அமர்வர். அதில் தவறொன்றுமில்லை, அப்பணத்தால் ஊர் பிழைக்கின்றது. ஆனால், விலை நாற்காலி ஒவ்வோரடியாக முன்னேறினால் விலையில்லாப் பாய் ஒவ்வோரடியாகப் பின்வாங்கவேண்டும். தெரு அகலமாவதில்லை. எனவே, நடைபாதையில் ஒரு முழம் இடம் யாருக்கு உரியது என்பது சிறு வினாவன்று.

அண்மைய ஆண்டுகள் இவ்வினாவைக் கூர்மையாக்கின. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொள்ளைநோய் காரணமாகப் பொதுமக்கள் இன்றியே பெரஹரா நடந்தது. மத்தளம் முழங்கிற்று, தெரு வெறிச்சோடிக் கிடந்தது. 2022 ஆகஸ்டில் மக்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதோ நாட்டில் எரிபொருள் இல்லை. அம்மாதம் முதலாந் திகதி தொடக்கம் பெற்றோல் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அவ்வாண்டு ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்சப் பேருந்துக் கட்டணம் ஜூலை முதலாந் திகதி 40 ரூபாவாயிற்று. தோட்டத் தொழிலாளருக்கு 2021இல் விதிக்கப்பட்ட நாட்சம்பளமாகிய 1,000 ரூபாவோ அசையாமல் நின்றது. 2024 செப்டெம்பரிலேதான் அது 1,350 ரூபாவாக உயர்ந்தது. கட்டணம் ஏறும் வேகமும் கூலி ஏறும் வேகமும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு வேறு வேண்டுமா?

கூட்டம் மிகுந்தால் நேர்வது யாது என்பதை 2025 ஏப்ரல் காட்டிற்று. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் புனிதத் தந்தம் பொதுமக்கள் காண வைக்கப்பட்ட அந்தப் பத்து நாட்களில், எதிர்பார்த்ததினும் மிகப் பெருந்தொகையினர் கண்டிக்கு வந்தனர். வரிசைகள் இரவும் பகலும் நீண்டன. முடிவில், இனி வரவேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அழைத்த நகரமே வராதீர் என்று சொல்ல நேர்வது எவ்வளவு சங்கடம்!

பிற நாட்டு நிலையும் சிந்திக்கத்தக்கது. திருவையாற்றில் தியாகராச சுவாமிகளின் ஆராதனையில் பெரும் பாடகரும் ஊதியமின்றிப் பாடுகின்றனர். காவிரிக் கரையில் பந்தரின் கீழே எவரும் அமர்ந்து கேட்கலாம். சென்னையில் மார்கழி மாதச் சபைகளிலோ முன்வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை. இரண்டும் இசைக்கு வேண்டியனவே. ஆயினும், சபைக் கதவை விலை காப்பது இயல்பு. ஆற்றங்கரையையும் தெருவையும் விலை காக்கத் தொடங்கினால் விழாவின் தன்மையே மாறிவிடும். கண்டிப் பெரஹரா ஆற்றங்கரை இனத்தைச் சேர்ந்தது.

இதற்குப் பரிகாரம் பெரும்பொருள் கொண்டு செய்யவேண்டியதன்று. விழாக் காலத்தில் விசேட புகையிரதங்கள் ஓடுவது வழக்கம். புகையிரதம் செல்லாத கலகா, தெல்தோட்டை, பன்வில, றங்கல போன்ற இடங்களுக்கு, ஊர்வலம் முடிந்தபின் நள்ளிரவுப் பேருந்து ஒன்றிரண்டு விடப்படுமாயின், இழக்கும் நான்கு ‘பேர்’ இரண்டாகும். பள்ளிகளை மாலையில் திறந்துவைத்தால் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கழிப்பிடமும் தண்ணீரும் கிடைக்கும். வீதிக்கு ஒரு பகுதி, பாய் விரிப்போருக்கென்றே கோடு கிழித்து ஒதுக்கப்படலாம். தோட்ட நிருவாகங்கள் முன்கூட்டியே அறிவித்தால், ஒரு நாள் வேலையை வேறொரு நாள் ஈடுசெய்ய இடமளிக்கலாம்.

செல்வோரும் சிலவற்றை அறிந்துகொள்வது நலம். பெரஹரா பத்து இரவுகள் நிகழ்வது. முதல் ஐந்தும் கும்பல் பெரஹரா. பின் ஐந்தும் றந்தோலிப் பெரஹரா. நிக்கினிப் பூரணை இரவில் நடக்கும் கடைசி றந்தோலிக்கே எல்லோரும் முண்டியடிக்கின்றனர். கும்பல் இரவுகளில் யானைகள் குறைவு; கூட்டமும் குறைவு; முழங்குவதோ அதே மத்தளந்தான். ஊர்வலமும் விரைவில் முடியும். சிறு குழந்தையோடும் முதியோரோடும் செல்வோருக்கு அவ்விரவுகளே உகந்தவை.

இன்னொன்றும் உண்டு. கடைசி றந்தோலி கழிந்த மறுநாட் காலையில், கெட்டம்பேயில் மகாவலியாற்றில் நீர் வெட்டும் சடங்கு நிகழும். அது முடிந்து திரும்பும் தேவாலய அணிகள், கட்டுக்கலையிலுள்ள பிள்ளையார் கோயிலில் தங்கிப் பின்னர்ப் பகற் பெரஹராவாக நகருக்குள் வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், தேவாலய விழாவோடு புனிதத் தந்தமும் சேர்ந்து இன்றைய வடிவம் அமைந்தது. ஆகவே, பௌத்தர், இந்துக்கள் என்ற வேறுபாடின்றி இவ்வோசை இம்மலைநாட்டார் அனைவருக்கும் உரியது.

அந்தத் தெல்தோட்டைக் குடும்பத்தின் கதை எங்கு முடியும்? ஊர்வலம் கடந்துவிட்டது. யானைச் சாணமும் தீவர்த்திக் கொப்பறைச் சாம்பலும் தெருவிற் கிடக்கின்றன. பேருந்து நிலையத்தின் ஓர் ஓரத்தில், பாட்டி சுவரிற் சாய்ந்திருக்கின்றாள். சிறுமி அவள் மடியில் உறங்குகின்றாள். பையன் மட்டும் உறங்கவில்லை. வெறும் தகரப் பெட்டியின்மேல் தான் கேட்ட தாளத்தை இரு விரலால் தட்டிப் பார்க்கின்றான். விடியலின் முதற் பேருந்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கின்றது. அந்த மூன்று மணி நேரத்தைக் குறைப்பது விழாவைப் போற்றுவோர் யாவரும் சேர்ந்து செய்யத்தக்க பணியாகும்.