ஒசாகாவில் பணி தொடங்குமுன்



வெளிநாட்டுப் பணிக்குச் செல்லும் நம் இளைஞர்க்குப் பயன்படுமாறு சில கூற வேண்டுமென விழாக்குழுவினர் நம்மைப் பணித்தனர். நாம் ஜப்பானுக்குச் சென்றதில்லை. நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் 2025-ஆம் ஆண்டு ஒசாகா உலகக் கண்காட்சியில் ஓர் அரங்கின் உதவியாளராகப் பணியாற்றினார். அவர் எழுதிய கடிதங்களும், அவற்றால் தூண்டப்பெற்று நாம் படித்தறிந்தவையுமே இவ்வுரைக்கு அடிப்படை.

கண்காட்சி ஏப்ரல் 13-ஆம் நாள் தொடங்கியது. அவர் பத்து நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார். விமான நிலையத்திலேயே வசிப்பு அட்டை வழங்கிவிட்டனர். வீடு அமர்ந்த பதினான்கு நாள்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கே தம் குலத்தை ஒருவரும் வினவவில்லை என்று மகிழ்ந்து எழுதியிருந்தார். ஆயினும், முகவரியே பழியாக அமைந்த மக்கள் அந்நாட்டிலும் உண்டு. புராக்கு மக்கள் வாழும் ஊர்களின் பெயர்ப் பட்டியலை, வேலைக்கு ஆளெடுக்கும் நிறுவனங்களுக்கு இரகசியமாக விற்ற செய்தி 1975-இல் வெளிப்பட்டது. குப்பையைத் தரம் பிரித்துக் குறித்த நாளில் வைத்தல், இரயிலில் உரக்கப் பேசாதிருத்தல் ஆகியவற்றை எவரும் விரைவில் கற்றுக்கொள்ளலாம். நகரும் படிக்கட்டில் டோக்கியோவினர் இடப்புறமும் ஒசாகாவினர் வலப்புறமும் நிற்பராம்! அதையும் அவர் கற்றுக்கொண்டார்.

பணி தொடங்க இரு நாள்கள் இருக்கையில் அவர் டென்னோஜிப் பூங்காவுக்குச் சென்றார். செர்ரி மரங்கள் பூத்திருந்தன என்று மட்டும் எழுதினார். அப்பெயரை நாம் வேறோரிடத்தில் படித்திருந்தோம். 1903-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் சூலை வரை அப்பகுதியில் ஜப்பானிய அரசு ஐந்தாம் தேசியத் தொழிற் கண்காட்சியை நடத்தியது. நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கண்டனர். அதன் வாயிலுக்கு வெளியே, தனியார் சிலர் 'மனித இன அரங்கு' ஒன்றை அமைத்துக் கட்டணம் வசூலித்தனர். ஐனுக்கள், தைவான் பழங்குடியினர், ஒகினாவாப் பெண்கள், கொரியர், ஜாவாவினர் ஆகியோரை அங்கே இருத்தி மக்களுக்குக் காட்டினர். இந்தியரும் அவ்வரிசையில் இருந்தனர். இதற்குக் கல்விமான்களின் துணையும் இருந்தது என்பதை ஆசிரியராகிய நாம் வெட்கத்துடன் குறிப்பிடுகிறோம்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. சீனரைக் காட்டும் திட்டம், சீனர்தம் கண்டனத்தால் தொடக்கத்திற்கு முன்பே கைவிடப்பட்டது. ஒகினாவாவின் நாளேடு கடுமையாக எழுதியது, அப்பெண்களும் விலக்கப்பட்டனர். ஆனால் அந்நாளேடு சொன்ன காரணத்தைக் கேளுங்கள். எம்மவரை ஐனுக்களோடும் தைவான் பழங்குடியினரோடும் ஒருசேர வைக்கலாமா என்பதே அதன் சினம்! மனிதரைக் காட்சிப்பொருளாக்கலாமா என்று அது கேட்கவில்லை. அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று எதனைச் சுட்டினாரோ, அது கடல் கடந்தும் இருந்தது. நம் தெருக்களிலும் ஒரு பிரிவார் மற்றொரு பிரிவாரைச் சுட்டி இதே சொல்லைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். இவ்வவையில் அதனை மறைப்பானேன்?

அவ்வரங்கில் இருந்தோருள் ஒருவரை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும். ஹொக்காய்தோவின் தொக்காச்சிப் பகுதியைச் சேர்ந்த ஐனு அவர். ஐனுப் பெயர் ஹொதேனே, ஜப்பானியப் பெயர் ஃபுஷினே கோசோ. அவர் வாய்மூடி அமர்ந்திருக்கவில்லை. பார்க்க வந்த கூட்டத்தினரிடம் ஜப்பானிய மொழியிலேயே எழுந்து பேசினார். தம் இனத்துப் பிள்ளைகளின் கல்விக்குப் பொருள் திரட்டுவதே அவர் அங்கு வந்த நோக்கம்.

அக்கல்வியின் நிலை என்ன? 1899-ஆம் ஆண்டுச் சட்டம் ஐனுக்களுக்குத் தனிப் பள்ளிகளை வகுத்தது. 1901-இல் வந்த விதி, அப்பிள்ளைகளுக்குச் சரித்திரம், பூகோளம், விஞ்ஞானம் மூன்றையும் நீக்கிவிட்டது. உழவும் தையலும் போதும் என்று எண்ணினர் போலும். தம் நாடு உலகப் படத்தில் எங்குள்ளது என்று கற்பிக்கப்படாத பிள்ளைகளுக்காகவே ஹொதேனே கூட்டத்தின்முன் பேசினார். அந்தச் சட்டம் 1997-இல்தான் நீக்கப்பட்டது. ஐனுக்களைத் தொல்குடியினர் என்று ஜப்பானியச் சட்டம் முதன்முதலாகக் குறிப்பிட்டது 2019-ஆம் ஆண்டில்.