மாலை எடுத்துக் கொடுத்தோம், பிரியும்போது எங்கே போனோம்?

(விருதுநகரில் இளைஞர்களுடன் நடந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம் உட்கார்ந்திருக்கிற இதே மாவட்டத்தில், அருப்புக்கோட்டை பக்கத்துச் சுக்கிலநத்தத்தில்தான் 1928 மே 28 அன்று முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. நடத்தி வைத்தவர் பெரியார். அடுத்த ஆண்டே செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமையோடு மணவிலக்கு உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1967இல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து நம் திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. திருமணம் செய்து வைக்க நமக்கு நன்றாகத் தெரியும். செங்கல்பட்டுத் தீர்மானத்தின் மறுபாதியான மணவிலக்கைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. என் தவறு ஒன்றிலிருந்து அதைப் பேசுகிறேன்.

2016இல் சிவகாசிப் பக்கம் ஒரு திருமணம் நடத்தி வைத்தேன். பையன் தலித், ஆப்செட் அச்சகத்தில் வேலை. பெண் இடைநிலைச் சாதி, பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிற வேலை. அவளுக்கு வயது 21. அன்றே பெண் வீட்டார் கடத்தல் புகார் கொடுத்தார்கள். ஸ்டேஷனில் அவள் நின்று, "நானாத்தான் வந்தேன்" என்று எழுதிக் கொடுத்தாள். நாங்கள் கைதட்டி, டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டது. அவள் வேலை போனது. குழுக் கடன், அதை அடைக்க இன்னொரு கடன், சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு வாசலில் தவணைக்காரர். வீட்டில் சண்டை. அவன் கை ஓங்க ஆரம்பித்தான். கடன் அதற்குச் சாக்கு ஆகாது. ஒருநாள் அவள் என்னிடம் வந்தாள். "அண்ணே, அடிக்கிறாரு. இனி முடியாது" என்றாள். நான் சொன்னது இதுதான்: "கொஞ்சம் பொறுத்துப் போம்மா. நீங்க பிரிஞ்சா நாடகக் காதல்னு பேசுறவங்களுக்கு வாய்ப்புக் கொடுத்த மாதிரி ஆயிரும்."

அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது இயக்கத்தின் மானம். அவள் முதுகில் இருந்த தழும்பை நான் பார்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அவள் பிள்ளையோடு தாய் வீட்டுக்குப் போனாள். ஆண்டுக்கணக்கில் எட்டிப் பார்க்காத சொந்தம் அன்றைக்குக் காரோடு வந்தது. குலதெய்வக் கோவிலில், தகப்பன் இல்லாமல், மாமன் மடியில் வைத்துப் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். ஊர் தலைக்கட்டில் சேர்த்துவிட்டதாகப் பேச்சு. மனு தயாரானது. 'மைனராக இருந்தபோதே ஆசை காட்டிக் கடத்தினான்' என்று அதில் ஒரு வரி. 'பிள்ளையைத் திரி வேலைக்கு விட்டான்' என்று இன்னொரு வரி. இரண்டும் பொய். அவன் அடித்தது மட்டும் உண்மை. அது கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் இருந்தது.

அவன் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 'மனைவியின் நடத்தை சரியில்லை, பிள்ளை எனக்குப் பிறந்ததா என்று டி.என்.ஏ. சோதனை வேண்டும்' என்று பதில் மனு. அவனும் அவன் கூடப் பிறந்தவர்களும் அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுகிறவர்கள்தான். ஆனால் பெண்ணை அடிக்க அவர்கள் கையில் எடுத்தது, பெண்ணின் 'கற்பை' வைத்துச் சாதியைக் காக்கிற அதே பழைய கட்டை.

இதைக் கவனியுங்கள் தோழர்களே. இருவரும் சொன்ன பொய்கள் அவர்கள் சொந்தமாக யோசித்தவை அல்ல. தலித் இளைஞன் என்றால் கடத்துகிறவன், பெண் என்றால் நடத்தை கெட்டவள். இரண்டும் சாதி ஏற்கனவே எழுதி வைத்திருக்கிற வாக்கியங்கள். பெயரை நிரப்பினால் போதும். தர்மபுரியில் 2012இல் ஒரு காதல் திருமணத்துக்காக நத்தம் காலனியைக் கொளுத்தியவர்கள் பேசியதும் இதே மொழிதான்.

ஒருநாள் இரவு அவள் போன் செய்தாள். "அண்ணே, அவரு பிள்ளைகிட்ட தப்பா நடந்தாருன்னு ஒரு வரி சேத்தா கேஸ் நிக்கும்னு சொல்றாங்க. எழுதலாமா?"

நான் கேட்டேன்: "நடந்துச்சாம்மா? நடந்திருந்தா இப்பவே கிளம்பு, நான் கூட வரேன்." அவள் அழுதாள். "இல்லண்ணே. பிள்ளைன்னா அவருக்கு உசுரு" என்றாள்.

அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. தகப்பன் மேல் தாய் கொடுத்த போக்சோ புகார். பிள்ளையே அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொன்னது. நீதிமன்றம் வழக்கை ரத்து செய்து, தாய் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. போக்சோ சட்டத்தின் 22ஆம் பிரிவு, தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பவருக்கு ஆறு மாதம் வரை தண்டனை சொல்கிறது. 2020 டிசம்பரில் கேரளத்தின் கடைக்காவூரில், பிரிந்த கணவர் தரப்புப் புகாரில் ஒரு தாயையே, மகனிடம் தவறாக நடந்தார் என்று கைது செய்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் சிறை. பிறகு சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரித்து, புகாருக்கு ஆதாரம் இல்லை என்றது. பொய்ப் புகார் ஆண் மேலும் விழும், பெண் மேலும் விழும். எந்தப் பக்கம் விழுந்தாலும் விசாரணை அறையில் உட்காருவது பிள்ளை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'பார்த்தீர்களா, எல்லாம் பொய் வழக்கு' என்று சிலர் உடனே கிளம்புவார்கள். அந்தப் பாட்டு நமக்குப் புதிதல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லித்தான் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. ஏப்ரல் 2 அன்று நாடே தெருவுக்கு வந்தது. 2019இல் நீதிமன்றமே அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. வரதட்சணைக் கொடுமைக்கான 498-ஏ பிரிவுக்கும் அதுதான் நடந்தது. 2017இல் புகாரைச் சலிக்கக் குடும்ப நலக் குழு வைக்கச் சொன்னார்கள், 2018இல் அதைக் கைவிட்டார்கள். விடுதலை ஆன வழக்கெல்லாம் பொய் வழக்கு அல்ல. சாட்சி பிறழ்ந்திருக்கலாம், ஊர் மிரட்டியிருக்கலாம், சமரசம் ஆகியிருக்கலாம். ஒரு புகார் பொய் என்றால் அந்தப் புகாரைப் பொய் என்று ஆதாரத்தோடு சொல்லுங்கள். சட்டத்தையே பொய் என்று சொல்லாதீர்கள்.

பொய்க்குற்றம் சாட்டப்பட்டால் என்ன செய்வது? கையில் இருக்கிற காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தம்பியைக் கடத்தல் பழியிலிருந்து காப்பாற்றியது 2016இல் அவள் எழுதிக் கொடுத்த வாக்குமூலமும், வயதைச் சொல்லும் பள்ளிச் சான்றிதழும்தான். லதா சிங் வழக்கில் அண்ணன்மார் கொடுத்த கடத்தல் வழக்கை உச்ச நீதிமன்றம் 2006இலேயே ரத்து செய்திருக்கிறது. டி.என்.ஏ. கேட்டு மிரட்டினால் பயப்பட வேண்டாம். மனைவி மேல் சந்தேகம் என்பதற்காகப் பிள்ளையைச் சோதனைக்கு அனுப்புவதை வழக்கமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. பொய்க்குப் பதில் பொய் எழுதாதீர்கள். வாட்ஸப் ஸ்டேட்டஸில் வழக்கு நடத்தாதீர்கள். பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளையைத் தூக்கி வராதீர்கள். பார்க்க விடவில்லை என்றால், வழக்கு முடியும்வரை இடைக்கால உத்தரவு கேளுங்கள். யாரிடம் பிள்ளை என்பதில் சட்டம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு ஒரு வாய்தா போனால் ஒருநாள் கூலி போச்சு. அதற்கு மேல் வக்கீல் காசு. ஆனால் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. அந்தத் தங்கைக்கும் உண்டு, தம்பிக்கும் உண்டு. இருவருமே அது தெரியாமல் வட்டிக்கு வாங்கி வக்கீல் வைத்திருந்தார்கள். அடி வாங்கியவளுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவோடு, பிள்ளையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவையும் அதிலேயே கேட்கலாம். முதல்நாள் வந்தபோதே நான் இதைச் சொல்லி அழைத்துப் போயிருந்தால், அவள் அந்தச் சொந்தத்தின் காரில் ஏறியிருக்க மாட்டாள். அவளுடைய உண்மையை நான் கேட்கவில்லை. அதனால்தான் அவள் கையில் பொய்யைக் கொடுக்க ஆள் வந்தது.

அந்த வரியை அவள் எழுதவில்லை. கடத்தல் வரியையும் நீக்கச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட பிறகு அவனும் டி.என்.ஏ. மனுவைத் திரும்பப் பெற்றான். அடித்த புகார் அப்படியே இருக்கிறது. அதற்கு அவன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லட்டும். பிள்ளை தாயோடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தகப்பனோடு. மணவிலக்கு வரப்போகிறது.

நாடகக் காதல் என்று பேசுகிறவர்கள் இதைக் காட்டிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சொந்தச் சாதியில் கட்டியவர்களும் பிரிகிறார்கள். அதை யாரும் சாதியின் தோல்வி என்று எழுதுவதில்லை. நாம் நடத்தி வைக்கிற திருமணங்கள் முறியாது என்று காட்ட வேண்டிய கடமை எந்தப் பெண்ணின் முதுகிலும் இல்லை.

இனி ஒரு திருமணத்துக்கு மாலை எடுத்துக் கொடுக்கும்போது, இரண்டு பேரிடமும் ஒன்று சொல்லப் போகிறேன்: "சேர்ந்து வாழ முடியலைன்னாலும் என்கிட்ட வாங்க. சாதிக்காரங்ககிட்ட போகாதீங்க." நீங்களும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, வந்தால் கதவைத் திறந்து வையுங்கள்.

அடுத்த வாய்தாவுக்கு நானும் போகிறேன். இரண்டு பேர் பக்கத்திலும் உட்காரப் போவதில்லை. வெளியே வேப்பமரத்தடியில் பிள்ளையோடு இருப்பேன்.