கேட்டபின் கொடுத்தல்



ஆண்டுதோறும் கதிர்காமக் கந்தன் விழாவுக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடியார்கள் கால்நடையாகச் செல்வதை நாம் அறிவோம். அங்கே வள்ளியம்மையின் கதை கேளாத செவி இல்லை. வேடர் குலத்தில் வளர்ந்த அக் குமரியை நாடிய முருகன், ஆளனுப்பி அழைத்துவரச் செய்தானல்லன். வேடனாயும் கிழவனாயும் தானே தினைப்புனத்துக்கு நடந்து வந்தான், நின்று பேசினான், மறுமொழி கேட்டான். தெய்வமே ஆயினும் வந்து கேட்ட பின்னரே உறவு பிறந்தது என்பது அக் கதையின் உட்பொருள் எனலாம்.

கதிர்காமம் மொனராகலை மாவட்டத்தின் தென்கோடியில் உள்ளது. அதே மாவட்டத்தின் மற்றொரு பகுதியில், கல்லோயாக் காட்டை அண்டி, ரத்துகலை என்னும் சிற்றூர் உள்ளது. பதுளை மாவட்டத்திலே மகியங்கனைக்கு அருகில் தம்பானை உள்ளது. இவ்விரண்டும் இலங்கையின் ஆதிக்குடிகளாகிய வேடர் வாழும் ஊர்கள். தங்களை அவர்கள் ‘வன்னில எத்தோ’, அஃதாவது காட்டின் மக்கள், என்று அழைத்துக்கொள்வர். மட்டக்களப்பு வாகரைப் பக்கத்தில் கடலோரமாக வாழும் வேடரோ தமிழே பேசுகின்றனர். ஆகவே இவர்கள் நமக்கு அயலவர் மட்டுமல்லர், உறவினருமாவர்.

இம் மக்களுக்கு நன்மை செய்ய எவரும் எண்ணவில்லை என்று கூறுதல் பொருந்தாது. 1949ஆம் ஆண்டில் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தது. பல்லாயிரம் உழவர் குடும்பங்கள் வாழ்வு பெற்றன. ஆனால் அந்நீரின் அடியிலே மூழ்கியவற்றுள் வேடரின் வேட்டை நிலங்களும் குகைகளும் இருந்தன. பின்னர், 1983ஆம் ஆண்டில், மதுறு ஓயாக் காடு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வனவிலங்கைக் காப்பதும் மகாவலி நீர்த்தேக்கங்களுக்குரிய நீரைக் காப்பதும் நல்ல நோக்கங்களே. ஆயினும், தேனெடுத்தலும் வேட்டையும் அன்றுமுதல் அவ்விடத்திலே குற்றமாயின. பாட்டன் நடந்த வழியிலே நடந்த பேரன், அத்துமீறி நுழைந்தவனாகக் கருதப்பட்டான்.

காட்டினின்றும் நீங்கியவர்க்கு ஹேனானிகலை முதலிய குடியேற்றங்களிலே வயலும் வீட்டு நிலமும் கிடைத்தன. பலர் சென்றனர். தலைவர் உறுவரிகே திசாஹாமியும் அவரைச் சார்ந்த சில குடும்பத்தாரும் போக மறுத்துத் தம்பானையிலே தங்கிவிட்டனர். 1998ஆம் ஆண்டில் தாம் மறையும்வரை அப் பெரியவர் தம் நிலத்தை விட்டு அகலவில்லை. கொடுக்கப்பட்ட நிலம் தீயதென்பதற்காக அவர் மறுத்தாரல்லர். விட்டுப் போகும்படி கூறப்பட்ட காடு தம் மக்களின் உயிர் என்பதற்காகவே மறுத்தார்.

நேயர்களே, விருந்தினருக்கு என்ன வேண்டுமென்று கேளாமலே இலையை நிரப்பிவிட்டு, உண்ணவில்லையே என்று வருந்துவோர் சிலர் உளர். அரசாங்கங்களும் தருமத் தாபனங்களும் பல வேளைகளில் இத்தகைய விருந்தையே படைக்கின்றன.

கேளாமல் முடிவு செய்யப்படுதல் எத்தகையது என்பதை ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டில் இரு நாட்டுப் பிரதமர்களும் உடன்படிக்கை செய்து, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். எங்கே வாழ விரும்புகின்றீர் என்று அத் தொகையை வகுக்குமுன் லயத்து வாயிலில் நின்று வினவியவர் எவர்? அந்த வடுவைச் சுமந்த நாம், வேடர் மனத்தை ஏனையோரினும் விரைவில் உணரவேண்டியவர்கள்.

உலகம் இப் பாடத்தை மெல்லவே கற்று வருகின்றது. அவுஸ்திரேலியாவில் ஆதிக்குடியினர் தாமே நடத்தும் முதல் மருத்துவ நிலையம் 1971இல் சிட்னி நகரின் ரெட்பேர்ன் பகுதியில் தோன்றிற்று. பிற மருத்துவமனைகளுக்குச் செல்லத் தயங்கியோர் அங்கே தயங்காது சென்றனர். இன்று அந் நாட்டில் அத்தகைய நிலையங்கள் நூற்றுக்கு மேற்பட்டு விளங்குகின்றன. அந் நாட்டரசு 2008 முதல் ஆயுள், கல்வி முதலியவற்றிலுள்ள இடைவெளியை அகற்றப் பெருந்திட்டம் நடத்தியும் குறித்த இலக்குகளிற் பல எட்டப்படவில்லை. அதனால் 2020இல் ஆதிக்குடி அமைப்புகளின் கூட்டணியுடன் ஒப்பமிட்டுத் திட்டத்தைப் புதிதாக வகுத்தது. முடிவெடுப்பதிலே பங்கு தருவதே அதன் முதற் சீர்திருத்தம். அதன் பின்னரும் பல இலக்குகள் தொலைவிலேதான் உள்ளன. கேட்பது மந்திரமன்று, ஆயினும் கேளாத வழி எங்கும் சேர்க்கவில்லை.

உண்மையாகக் கேட்பது என்றால் என்ன? முதலாவது, திட்டம் எழுதுமுன் செல்லுதல். எழுதி முடித்த தாளை விரித்துக் கையெழுத்துக் கேட்பது கலந்தாலோசனையன்று. இரண்டாவது, அவர்கள் மொழியிலே, அவர்கள் மரநிழலிலே, அவர்களுக்கு ஒழிந்த பொழுதிலே பேசுதல். தலைவரோடு நில்லாது, பெண்களையும் இளைஞரையும் வினவுதல் வேண்டும். மூன்றாவது, ‘வேண்டாம்’ என்னும் விடைக்கும் இடம் வைத்தல். ஐக்கிய நாடுகள் சபை 2007இல் நிறைவேற்றிய ஆதிக்குடிகள் உரிமைப் பிரகடனம், வற்புறுத்தலின்றி, முன்கூட்டியே, விளங்க உரைத்துச் சம்மதம் பெறுவதையே வேண்டுகின்றது. இலங்கையும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது.

இங்கே மற்றொரு தவறுக்கும் நாம் ஆளாகலாகாது. வேடர் அனைவரும் வில்லும் கோடரியும் ஏந்தி நிற்பதையே விரும்புவர் என எண்ணுவதும் கேளாமையே. ஒரு பிள்ளை தேனெடுக்கக் கற்க விரும்பலாம். மற்றொரு பிள்ளை தாதியாகவோ ஆசிரியையாகவோ விரும்பலாம். சுற்றுலா வருவோர் படத்துக்காக ஆடிக்காட்டுதல் மட்டுமே அவர்கள் எதிர்காலம் என்று எவர் விதித்தார்? காட்டை அறிந்த இளைஞன் வனக்காவலனாகலாம். தாய்மொழி அறிந்தவள் அதனைப் பள்ளியிலே கற்பிக்கலாம். தெரிவு அவர்களுடையதாதல் வேண்டும்.

அவர்கள் வாய் திறந்து பேசாதவர்கள் என்பாரும் உளர். 2020இல் பொல்லேபெத்தைப் பக்கத்துக் காடு சோளச் செய்கைக்கென வெட்டப்பட்டபோது, திசாஹாமியின் மகனும் இன்றைய தலைவருமான வன்னில எத்தோ, சுற்றாடல் அமைப்பொன்றுடன் சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். மரநிழலில் கேட்கவேண்டியதைக் கேளாவிடின், வழக்குமன்றத்திலே கேட்க நேரும்.

அடுத்த முறை கதிர்காமம் செல்லும் நேயர்கள் சந்நிதியில் ஒரு கணம் வள்ளியின் உறவினரை நினைப்பீர்களாக. தேன் வாங்கும் வணிகரும், அவ்வூர்களுக்குச் செல்லும் ஆசிரியரும் உத்தியோகத்தரும், கொடுக்க நீட்டும் கையை ஒரு கணம் நிறுத்தி, “உங்களுக்கு வேண்டியது யாது?” என வினவி, விடை வரும்வரை பொறுத்திருப்பீர்களாக.