மெலாவத்திக் குன்றும் தென்னமரத் தோட்டமும்



ஓரிடத்தின் வரலாற்றை அறிய விழைவோர் கல்வெட்டையும் ஏட்டையும் நாடுவர். இவ்விரண்டையும் விட்டுச்செல்ல வாய்ப்பில்லாத மக்களுக்கு இடப்பெயரே கல்வெட்டு. கோல சிலாங்கூர் வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை இன்று ஆராய்வோம்.

முதற்கண் நில அமைப்பைக் காண்போம். தித்திவங்சா மலைத்தொடரில் தோன்றும் சிலாங்கூர் ஆறு மேற்கு நோக்கி ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. 'கோல' எனும் மலாய்ச் சொல்லுக்குக் கழிமுகம் என்பது பொருள். அக்கழிமுகத்தின் தாழ்ந்த வண்டல் நிலத்திடையே தனித்து உயர்ந்து நிற்பது மெலாவத்திக் குன்று. ஆற்றையும் கடலையும் ஒருங்கே நோக்கும் இடமாதலின், குன்றைக் கைக்கொண்டோர் ஆற்று வாணிகத்தையும் கைக்கொண்டனர்.

ஆகவே அதன்பொருட்டுப் போர்கள் நிகழ்ந்தன. 1784இல் டச்சுக்காரர் அங்கிருந்த கோட்டையைக் கைப்பற்றித் தம் தலைமை ஆளுநர் ஆல்திங்கின் பெயரால் ஆல்திங்ஸ்பர்க் என வழங்கினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். 1871இல் ரினால்டோ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் அக்கோட்டையைக் குண்டுவீசித் தாக்கியது. இன்று குன்றின்மேல் பீரங்கிகளும் கலங்கரை விளக்கமும் உள்ளன. அடிவாரத்துக் கண்டற்காடும் நீர்ப்பறவைகளின் ஏரியும் 1987 முதல் இயற்கைப் பூங்காவாகக் காக்கப்பெறுகின்றன. அரசர்க்கும் படைக்கும் நினைவிடம் உண்டு. பறவைக்கும் மரத்துக்கும் எல்லையிட்ட காப்பிடம் உண்டு.

குன்றிலிருந்து உள்நாட்டை நோக்கினால் தெரியும் பரந்த தோட்டங்களுக்கு என்ன உண்டு? அங்குக் காடு வெட்டியோரும் வாய்க்கால் தோண்டியோரும் பால்மரம் சீவியோரும் பெரும்பாலும் தமிழரே. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றது. கங்காணிகள் வழியே ஆள் சேர்ப்பது அதன்பின்னும் தொடர்ந்தது. அவர்கள் உழைத்த தோட்டங்களுள் ஒன்றின் பெயர் தென்னமரம்.

1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இத்தோட்டத்தில் செம்பனையைப் பயிரிட்டார். இந்நாட்டில் வாணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பெற்ற முதல் தோட்டம் இதுவே. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம் நாட்டின் பெருஞ்செல்வமாகத் தொடங்கிய இடத்திற்குத் தமிழர் அறிந்த தென்னையின் பெயர் அமைந்திருக்கிறது. மலேசியாவைக் களமாகக் கொண்டு ஃபோக்கோனியே எழுதிய புதினம் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது.

இப்பெயரின் வடிவை உற்றுநோக்குங்கள். ஆங்கில ஆவணங்களிலும் அது 'தென்னைமரம்' என்று ஒலிப்பதில்லை. 'தென்னமரம்' என்றே ஒலிக்கிறது. ஏட்டிலிருந்து எடுத்த சொல்லாயின் ஐகாரம் நின்றிருக்கும். இது மக்கள் நாவிலிருந்து எடுத்த சொல். உழைத்தோர் பெயர்கள் மறைந்தாலும் அவர்தம் பேச்சொலி நில வரைபடத்தில் நிலைத்துவிட்டது. அங்குள்ள தமிழ்ப்பள்ளியும் அப்பெயரையே தாங்குகிறது.

எனினும் பெயர்கள் என்றும் நிலைப்பன அல்ல. அருகிலுள்ள பத்தாங் பெர்ஜுந்தை நகரம் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. நகரின் பழம்பெயரையேனும் அரசு ஆவணங்களில் தேடிக் காணலாம். லயங்களுக்கும் நிரைகளுக்கும் கோயிலடிகளுக்கும் மேட்டுக்காடுகளுக்கும் நம் முன்னோர் வழங்கிய பெயர்கள் எந்த ஆவணத்திலும் ஏறாதவை. தோட்டங்கள் துண்டாடப்பெற்று மக்கள் நகரங்களுக்குப் பெயரும்போது, அவற்றைச் சொல்லும் நாவும் அடங்கிவிடுகிறது. ஒரு முதியவர் மறையும்போது ஒரு நிலப்படமே உடன் மறைகிறது.

ஆதலின் நாம் செய்யவேண்டிய பணி தெளிவானது. தமிழ்ப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டியரிடம் தோட்டத்தின் உட்பெயர்களைக் கேட்டு, அவர்கள் ஒலித்தவாறே எழுதுதல் வேண்டும். செம்மைப்படுத்துகிறோம் என்று 'தென்னமர'த்தைத் 'தென்னைமரம்' ஆக்கிவிடலாகாது. அந்த ஒலியே சான்று. எழுதியவற்றை வரைபடத்தில் குறித்துத் தொகுப்பது மொழியமைப்புகளின் கடமையாகும்.

குன்று தன் வரலாற்றைப் பீரங்கிகளால் காத்துக்கொண்டது. தோட்டத்தின் வரலாற்றைக் காக்க நம்மிடம் இருப்பது தமிழ் ஒன்றே. அது போதும், ஆனால் காலம் தாழ்த்தலாகாது.