பான் பக்கத்தில் ஒரு பழகுநர்

பாப்பிரெட்டிப்பட்டி வட்டம் கோபாலபுரத்தில் உள்ள சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை போன்ற இடங்களில், மூத்த தொழிலாளி ஓய்வு பெறும்போது அவருடைய கைப்பக்குவமும் கூடவே போய்விடும். சர்க்கரை காய்ச்சும் ‘பான்’ என்ற கலனை எடுத்துக்கொள்ளுங்கள். பாகு சரியாகக் கெட்டிப்படும் நேரத்தில் விதையாக நுண்ணிய சர்க்கரை மணிகளை விட வேண்டும். முந்தினால் மணி கரைந்துவிடும். பிந்தினால் வேண்டாத பொடிமணிகள் தாமாகவே கிளம்பி, சர்க்கரையைப் பிரிப்பதே சிரமமாகும். அதனால்தான் காய்ச்சுகிறவர் அடிக்கடி கொஞ்சம் பாகெடுத்துக் கண்ணாடியில் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். இதை வகுப்பறையில் விளக்கலாம், பழக்க முடியாது. பக்கத்தில் நின்று பார்த்து, தவறாகக் கணித்து, திருத்தப்பட்டுத்தான் வரும்.

கருவிகள் வந்த பிறகு இது எதற்கு என்பார்கள். ஆனால் வெட்டி நாளான கரும்பு வந்தால் பாகின் குணமே மாறும். கருவி காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல ஆள் வேண்டும். கற்றலும் ஒருவழியல்ல: கணினித் திரையில் இளையவர் கெட்டிக்காரராக இருந்தால், மூத்தவர் அவரிடம் கூச்சப்படாமல் கேட்கலாம். அரவை நேரத்தில் கற்றுத்தர ஏது நேரம் என்பது நியாயமான கேள்வி. அதற்கும் வழி உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேருக்குக் குறையாமல் பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். சேர்த்தவர்களை எடுபிடி வேலைக்கு விடாமல், ஒரு மூத்தவரோடு ஒரே ஷிப்டில் போடுங்கள். கற்றுத்தரும் நேரத்தையும் அவருடைய வேலையாகக் கணக்கிட்டுப் படி கொடுங்கள். அதையும் ஓய்வுக்கு ஒரு மாதம் முன்பு அல்ல, இரண்டு மூன்று அரவைப் பருவங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.